கொக்கு எச்சம் நெல்லுக்குப் போகும் வழி

தீபாவளிதோறும் வரும் செய்திதான்: சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக்கூடாதென்று, இந்த ஆண்டும் வெடிச்சத்தம் கேட்கவில்லை. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கண்மாய்ப் பகுதி. செய்தியைப் படித்த காரைக்குடி வாசகர் கேட்கிறார்: "எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்கிறார்கள். என் வீட்டு ரோஜாவில் புறா எச்சம் விழுந்தால் இலை கருகுகிறதே?"

எச்சத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், உண்டு, பயிருக்கு அது வேண்டும். இது பள்ளிப் பாடம். எனக்குத் தீராத வியப்பு அதன் வெள்ளை நிறத்தில்தான்.

கழிவு நைட்ரஜனை நாம் யூரியாவாக்கிச் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். பறவை யூரிக் அமிலமாக்குகிறது; எச்சத்தின் வெள்ளை அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ யூரியா கரையும்; யூரிக் அமிலம் சுமார் 60 மில்லிகிராம்தான் கரையும். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு கழிவை எங்கே கொட்டும்? கரைகிற கழிவானால் உள்ளேயே தேங்கிக் கொன்றுவிடும். கரையாத படிகமானால் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். சென்ற ஆண்டு கண்மாய்க் கரையில் உடைந்த முட்டை ஓடு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உட்சவ்வில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளை. குஞ்சு விட்டுச்சென்ற கழிவு!

இந்தப் படிகத்தை உடைக்கும் யூரிகேஸ் என்ற நொதி பறவைக்கும் இல்லை, நமக்கும் இல்லை. நம் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்தால் கால் பெருவிரல் மூட்டில் படிகமாகப் படிந்து உயிர் போகும் வலி தருவது அதனால்தான். கண்மாய்ச் சேற்றின் பாக்டீரியாக்களுக்கு அந்த நொதி உண்டு. அவை படிகத்தைப் படிப்படியாக உடைத்து அம்மோனியமாக்குகின்றன. நீர் நிற்கும் வயலில் நெல் விரும்பி உறிஞ்சுவது அதைத்தான். நத்தைகுத்தி நாரை எங்கெங்கோ தின்ற நத்தையின் நைட்ரஜன், மடை வழியாக நம் செம்மண்ணுக்கு வந்துசேர்கிறது.

ஒவ்வொரு பருவத்திலும் இந்தத் தண்ணீரின் தழைச்சத்தை அளக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. இத்தகைய சிறிய ஆய்வுகளுக்கு அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும். ஊரார் பட்டாசைத் துறந்து காக்கும் ஒன்றுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ரோஜா கருகுவது, உப்பும் அம்மோனியாவும் ஒரே இடத்தில் செறிவதால். கண்மாயில் அவ்வளவு தண்ணீரில் கலந்து நீர்த்துவிடுகின்றன. வீட்டில் இடுவதானால் எச்சத்தை நிறைய மண்ணோடும் சருகோடும் கலந்து, ஈரம் காயாமல் சில மாதங்கள் மக்கவிட்டு, வேரிலிருந்து சற்றுத் தள்ளி இடுங்கள்.