இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை: ஒரு பழைய டர்ன்டேபிளின் உள்ளே

என் மேசையில் இருப்பது லென்கோ எல்75, இசைத்தட்டு ஓட்டும் பழைய டர்ன்டேபிள். சுவிட்சர்லாந்தின் பர்க்டோர்ஃப் ஊரில் இருந்த லென்கோ கம்பெனி 1960களின் பிற்பகுதியில் கொண்டுவந்த மாடல். இங்கிலாந்தில் இதையே கோல்ட்ரிங்-லென்கோ ஜிஎல்75 என்று விற்றார்கள். என் கைக்கு வந்தபோது இசைத்தட்டைத் தாங்கும் சுழல்தட்டு முனகிக்கொண்டே சுற்றியது, ஊசியைப் பிடித்திருக்கும் ஊசிக்கை தொட்டாலே ஆடியது. பிரித்துப் போட்டுப் பார்த்தேன். எஃகு, பித்தளை, வெண்கலம் எல்லாம் செய்த நாளில் இருந்தபடியே இருந்தன. ரப்பர் பொடிந்திருந்தது, எண்ணெய் பிசினாகியிருந்தது. பழைய டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் கதை இதுதான். அதனால்தான் வீட்டிலேயே பழுது பார்க்க முடிகிறது.

எதற்காக இந்த ரப்பரும் எண்ணெயும் இவ்வளவு முக்கியம்? இசைத்தட்டின் பள்ளத்தில் இருக்கும் நெளிவுகள் மிகச் சிறியவை. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், உச்சஸ்தாயி ஒலிகளின் நெளிவு ஒரு மைக்ரானுக்கும் கீழே போகும். ஊசி அந்த நெளிவில் அசைகிறது. ஊசியைப் பூட்டிய சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்; அதற்குள் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் அந்த அசைவை மின்சாரமாக்குகின்றன. ஆனால் கார்ட்ரிட்ஜுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: ஊசிக்கும் தன் உடம்புக்கும் இடையே எவ்வளவு அசைவு. தட்டு அதிர்ந்தாலும் கை ஆடினாலும் அதற்கு எல்லாம் பாட்டுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இசைத்தட்டில் பதியும்போது கீழ்ஸ்தாயியை வேண்டுமென்றே குறைத்துப் பதிகிறார்கள்; இல்லையென்றால் பள்ளங்கள் அகலமாகி ஒரு பக்கத்தில் அடங்காது. கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதை மறுபடி தூக்கிக் கொடுக்க வேண்டும். 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் துறை வகுத்த ஆர்ஐஏஏ அளவின்படி, 20 ஹெர்ட்ஸ் ஒலி 1,000 ஹெர்ட்ஸை ஒப்பிட ஒன்பது மடங்குக்கு மேல் பெருக்கப்படுகிறது. மோட்டாரின் உறுமலும் அதே கீழ்ஸ்தாயியில் இருப்பதால் அதுவும் சேர்ந்து பெருகிவிடும்.

லென்கோவின் சுழல்தட்டு சுற்றும் விதம் அழகானது. சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் உரசிச் சுழலுமே, அதைத் திருப்பி நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு அடியில் மோட்டார் படுத்த நிலையில் இருக்கிறது. அதன் தண்டு கூம்பு வடிவம். ரப்பர் விளிம்பு கொண்ட ஒரு சின்னச் சக்கரம் அந்தக் கூம்பைத் தொட்டுச் சுழன்று, ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள அந்தத் தட்டை அடிப்பக்கத்தில் உரசி ஓட்டுகிறது. நெம்புகோலைத் தள்ளினால் சக்கரம் கூம்பின் மீது நகரும். பருத்த பக்கம் போனால் வேகம் கூடும், மெலிந்த பக்கம் போனால் குறையும். கனமான தட்டு குயவர் சக்கரம் மாதிரி. ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் சின்னத் தடைகளுக்கு அசையாது.

முதலில் தட்டின் நடுத்தண்டைக் கழற்றினேன். வெண்கலக் குழலுக்குள் கறுப்புப் பசை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, மெல்லிய எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டேன். சக்கரத்தைத் தொடவிடாமல் கையால் தட்டைச் சுற்றிவிட்டால் முன்பு அரை நிமிடத்தில் நின்றது. இப்போது இரண்டு நிமிடத்தைத் தாண்டியது. மோட்டாருக்கும் இதே வைத்தியம்தான். ரப்பர் விளிம்பை ஆல்கஹாலால் துடைத்தால் மினுமினுப்புப் போய்ப் பிடிப்பு திரும்பும். விளிம்பில் தட்டையான இடம் விழுந்திருந்தால் வேறு ரப்பர் போட்டே ஆக வேண்டும். சுவிட்சின் குறுக்கே இருக்கும் பழைய கெபாசிட்டரையும், எர்த் இல்லாத இரண்டு கம்பி வயரையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இந்த வேலை.

இனி ஊசிக்கை. எனக்கு இந்த மெஷினில் ரொம்பப் பிடித்த இடமும், மோசமாகக் கெடும் இடமும் இதுதான். நகைக்கடைத் தராசில் கம்பி ஒரு கத்தி விளிம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். உராய்வு மிகக் குறைவு. லென்கோவின் கையும் மேலும் கீழும் அசைவது அப்படித்தான். இரண்டு கத்தி விளிம்புகள், அவற்றைத் தாங்க ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டிய இரண்டு சின்ன ரப்பர் கட்டைகள். ஒவ்வொன்றும் பட்டாணி அளவுதான் இருக்கும். என் மெஷினில் ஒன்றை இடுக்கியால் தொட்டதும் காய்ந்த ரொட்டித் துண்டு மாதிரி உதிர்ந்தது.

அந்தக் கட்டை உதிர்ந்தால் என்ன ஆகும்? பள்ளம் ஊசியைத் தள்ளும்போது கை அசையாமல் நிற்க வேண்டும். தளர்ந்த கை கூடவே கொஞ்சம் நகரும். நகர்ந்த அளவு கார்ட்ரிட்ஜின் கணக்கில் கழிந்துபோகும். மிருதங்கத்தின் தொப்பி சத்தம் மெலிவது இப்படித்தான். இரண்டு கட்டைகளில் ஒன்று அதிகமாகத் தேய்ந்தால் கை ஒரு பக்கம் சாயும். ஸ்டீரியோ பள்ளத்தில் இரண்டு சுவர்களும் 45 பாகை சாய்வில் ஆளுக்கொரு சேனலைச் சுமக்கின்றன. இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது. கை சாய்ந்தால் இடது வலதில் கலக்கும். பித்தளையிலோ நைலானிலோ கடைந்த கட்டைகளைப் போட்டால் இந்தக் கோளாறு தீரும். நான் நைலான் போட்டேன்.

கையையே மாற்றி மேம்படுத்துகிறவர்களும் உண்டு. 1983இல் வந்த இங்கிலாந்தின் ரேகா ஆர்பி300, ஒரே வார்ப்பில் செய்த அலுமினியக் குழாய். பலரும் அதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் எந்தக் கை என்பதை விட எந்தக் கையோடு எந்தக் கார்ட்ரிட்ஜ் என்பதே கேள்வி. கையின் நிறையும் ஊசியின் நெகிழ்வும் (ஊசி எவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கும் என்பதன் அளவு) சேர்ந்தால் ஸ்பிரிங்கில் தொங்கும் குண்டு மாதிரி. அதற்கென்று ஒரு ஒத்ததிர்வு எண் உண்டு. கை, கார்ட்ரிட்ஜ் இரண்டின் நிறையையும் கூட்டி, நெகிழ்வால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுக்க வேண்டும். மொத்தம் 18 கிராம், நெகிழ்வு 15 என்றால் கிட்டத்தட்ட 9.7 ஹெர்ட்ஸ் வரும். 8 முதல் 12க்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கத்துக்கே கை ஊஞ்சலாடத் தொடங்கும். மேலே போனால் பாட்டின் கீழ்ஸ்தாயியோடு மோதும். கனமான கையில் மிக நெகிழ்வான ஊசியைப் பூட்டி, ‘விலை கொடுத்தும் சரியில்லை’ என்று வருந்துகிறவர்கள் பலர். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

அப்புறம் கோணம். பதிவு செய்யும் மெஷினில் வெட்டும் ஊசி நேர்கோட்டில் நகரும். நம் கையோ ஒரு முனையில் நின்று வில் போலத் திரும்புகிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. ஸ்வீடனின் எரிக் லோஃப்கிரன் 1938இல் இதற்குக் கணக்குப் போட்டார். அந்த வழியில் இரண்டும் சரியாக ஒத்துப்போகும்படி இன்று பலரும் வைக்கும் இடங்கள், தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ.யும் 121 மி.மீ.யும். இரண்டு புள்ளிகளையும் தாளில் குறித்து, அங்கே பள்ளம் ஓடும் திசையில் கோடு போட்டு, ஊசியை ஒவ்வொன்றிலும் வைத்து, கார்ட்ரிட்ஜ் அந்தக் கோட்டுக்கு இணையாக நிற்கும்வரை திருகைத் தளர்த்தி நகர்த்த வேண்டும். அரை மி.மீ. பிசகினாலும் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’கரங்கள் சீறும். அங்கே பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு 21 செ.மீ.தான் ஓடுகிறது, வெளி விளிம்பில் 51 செ.மீ. ஒரே நேரத்துக்கான பாட்டு பாதிக்கும் குறைவான இடத்தில் நெருங்கிக் கிடப்பதால் தவறு அங்கே பெரிதாகக் கேட்கும்.

வேகத்தைச் சரிபார்க்க 180 கோடுகள் அச்சிட்ட வட்டத் தாள் போதும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய குண்டு பல்பு நொடிக்கு 100 முறை மினுங்கும். தாளைத் தட்டின் மேல் வைத்து அந்த வெளிச்சத்தில் பாருங்கள். தட்டு எல்பியின் வேகமான நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றினால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்.

கூம்புத் தண்டால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர்பெற்ற பழைய 78 தட்டுகளில் இருக்கிறது. பெயர் 78 என்றாலும் 1925க்கு முந்தைய தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 70க்கு அருகிலிருந்து 80க்கு மேல் வரை உண்டு. 6 சதவீதம் வேகம் கூடினால் ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடுவார். 78க்கான தடித்த ஊசியைப் பூட்டி (எல்பி ஊசி அந்த அகலப் பள்ளத்தின் அடியில் போய் உரசும்), பக்கத்தில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு நெம்புகோலை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவேன். தட்டில் ஹார்மோனியம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு ஆதாரம் கிடைக்கும். ஓரிடத்தில் குரலின் அவசரம் போய், மூச்சு வாங்குவதுகூட இயல்பாகக் கேட்கும். அங்கே கையை எடுத்துவிடுவேன்.