பிஐஎஸ் நம்பர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள்: கேட்வே, ரூட்டர் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு

கோயம்புத்தூரில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனம். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போடவும் நிறுத்தவும் உதவும் ஐஓடி கேட்வே செய்கிறார்கள். அதன் உரிமையாளர் ஒரு தடித்த ஃபைலோடு என்னிடம் வந்தார். அதில் மூன்று காகிதங்கள்: அடாப்டருக்கு வாங்கிய பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு, உள்ளே இருக்கும் வைஃபை மாட்யூலின் இடிஏ (வயர்லெஸ் கருவிக்கான அனுமதி) சான்று, ஒரு லேபில் எடுத்த மின்காந்த உமிழ்வு ரிப்போர்ட். தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான கட்டாயச் சான்றுக்கு அவர் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. "எல்லாமே இருக்கு சார், அப்புறம் ஏன் திருப்பி அனுப்புறாங்க?" என்றார்.

மூன்றில் ஒன்றுகூட உதவாது. இதை அவரிடம் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நாலு மாதமும் லேபுக்குக் கட்டிய பணமும் மிஞ்சியிருக்கும். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் "போர்ட்டலில் எல்லாம் இருக்கிறது" என்று முடித்துக்கொண்டார்கள்.

விதி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 செப்டம்பரில் இந்திய தந்தி விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. தொலைத்தொடர்புக் கருவி எதுவானாலும் விற்பதற்கு முன் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். எம்டிசிடிஇ என்று சொல்வது இதைத்தான். சான்று தருவது தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கும் டெக் என்ற பொறியியல் மையம். 2019 முதல் கட்டம் கட்டமாகப் பொருள்களைச் சேர்த்தார்கள். ரூட்டர், ஐஓடி கேட்வே, வண்டியில் மாட்டும் டிராக்கர், ஸ்மார்ட் மின்மீட்டர் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள் வந்தவை. பட்டியலும் கட்டணமும் அடிக்கடி மாறும். அதனால் "நண்பர் சொன்னார்", "வாட்ஸ்அப்பில் வந்தது" என்று இறங்காமல் அன்றைய தேதிக்குப் போர்ட்டலில் பாருங்கள்.

சரி, அந்த மூன்று காகிதங்களுக்கு வருவோம்.

பிஐஎஸ் கட்டாயப் பதிவு பார்ப்பது பாதுகாப்பை: ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா. அதற்கான தரங்களில் ஒன்று ஐஎஸ் 13252. உங்கள் போர்டு காற்றில் எவ்வளவு மின்காந்த இரைச்சலைக் கொட்டுகிறது என்பதை அது பார்ப்பதே இல்லை.

மாட்யூலின் இடிஏ அந்த வைஃபை ரேடியோ அதற்கென விட்ட அலைவரிசையில், அளவான சக்தியில் வேலை செய்கிறதா என்பதற்கானது. மாட்யூலைச் சுற்றி நீங்கள் போட்ட பிராசஸர், மெமரி, ஈதர்நெட், பவர் சப்ளை இவற்றின் உமிழ்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "சர்டிஃபைடு மாட்யூல், உங்களுக்கு டெஸ்ட்டே தேவையில்லை" என்று விற்பவர் சொல்வார். அவருக்கு மாட்யூல் விற்றால் போதும்.

மூன்றாவது காகிதத்தில்தான் வயிறு எரிகிறது. அந்த லேப் என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றது. சோதனையும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். ஆனால் என்ஏபிஎல் அங்கீகாரம் வேறு, டெக் நியமனம் வேறு. டெக் தன் பட்டியலில் சேர்த்த லேபின் ரிப்போர்ட்தான் செல்லும். அதிலும் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு நியமனம் இருக்க வேண்டும். ஒரு லேப் பாதுகாப்புச் சோதனைக்கு மட்டும் பட்டியலில் இருக்கலாம், உமிழ்வுச் சோதனைக்கு இல்லாமலும் இருக்கலாம். முன்பணம் கட்டும் முன் நியமனக் கடிதத்தையும் அதன் கடைசித் தேதியையும் கேட்டு வாங்குங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துரும்" என்றால் அடுத்த லேபுக்குப் போங்கள்.

கொட்டேஷனிலும் ஒரு பொறி உண்டு. கேட்வே, ரூட்டர் மாதிரியான பொருள்களின் உமிழ்வை அளக்க சிஸ்பர் 32 என்ற தரம் இருக்கிறது. உங்கள் போர்டில் ஓடும் உச்ச அதிர்வெண் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தால் 1 கிகாஹெர்ட்ஸ் வரை அளந்தால் போதும். 500 மெகாஹெர்ட்ஸ் வரை என்றால் 2 கிகாஹெர்ட்ஸ், 1 கிகாஹெர்ட்ஸ் வரை என்றால் 5. அதற்கும் மேலே போனால் அதைப் போல ஐந்து மடங்கு வரை, அதிகபட்சம் 6 கிகாஹெர்ட்ஸ். லேப்காரர் உங்கள் பிராசஸரின் வேகத்தைக் கேட்காமலே 1 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் மலிவாக ஒரு விலை சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். மீதிக்கு இன்னொரு பில் பின்னால் வரும், இல்லையென்றால் ரிப்போர்ட் திரும்பி வரும்.

விண்ணப்பத்தில் எந்தெந்த இன்டர்ஃபேஸ் (ஈதர்நெட், யுஎஸ்பி, வைஃபை மாதிரியான இணைப்பு) இருக்கிறது என்று டிக் போடச் சொல்வார்கள். நீங்கள் போடும் டிக்கை வைத்துத்தான் என்னென்ன சோதனை என்று முடிவாகும். பிற்காலத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பெட்டியில் விட்டு வைத்திருப்பீர்கள். விண்ணப்பத்தில் அது இல்லை, ரிப்போர்ட்டில் இருக்கும் போட்டோவில் இருக்கிறது என்றால் கேள்வி வரும். மாடல் நம்பரில் ஒரு இடைக்கோடு கூடினாலும் குறைந்தாலும் கேள்வி வரும். சிரிக்காதீர்கள், இதற்காக ரிப்போர்ட்டைத் திருத்தி வாங்க மூன்று வாரம் லேபுக்கு நடந்தவரை எனக்குத் தெரியும்.

கன்சல்டன்ட் வைத்தால் போர்ட்டல் பதிவு உங்கள் மெயிலிலும் உங்கள் செல்நம்பரிலும்தான் இருக்க வேண்டும். அவருடைய மெயிலில் பதிவு செய்துவிட்டு, அப்புறம் அவர் போனை எடுக்காமல் போனால், கேள்வி வந்ததே உங்களுக்குத் தெரியாது.

சீனாவிலிருந்து ரெடிமேடாக வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சப்ளையரிடம் இருக்கும் சான்று, அதில் எழுதியிருக்கும் நிறுவனத்துக்கும் மாடலுக்கும்தான். உங்கள் ஸ்டிக்கருக்கு அது பொருந்தாது. வெளிநாட்டுத் தயாரிப்பாளர் விண்ணப்பிக்க இந்தியாவில் அதிகாரம் பெற்ற பிரதிநிதி ஒருவர் வேண்டும். நீங்கள்தான் பிரதிநிதி என்றால் அவரிடமிருந்து கடிதம் வேண்டும்.

இனி போர்டுக்கு வருவோம். காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் லேபில் தோற்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

அந்தக் கோவைக்காரரோடு இரண்டாவது லேபுக்கு நானும் போனேன். சேம்பருக்குள், அதாவது வெளி அலைகள் புகாத சோதனை அறைக்குள், மேசை சுழல்கிறது, மூன்று மீட்டர் தள்ளி ஆன்டெனா. திரையில் 125 மெகாஹெர்ட்ஸில் முள் மாதிரி எழுந்த ஒரு உமிழ்வு, கிளாஸ் பி என்ற எல்லைக் கோட்டைத் தாண்டி நின்றது. வீட்டில் வைக்கும் பொருளுக்கு அந்த இடத்தில், அந்தத் தூரத்தில் எல்லை 40 டெசிபல், அதாவது மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். லேப் பொறியாளர் உள்ளே போய் ஈதர்நெட் கேபிளை உருவினார். முள் படுத்துவிட்டது.

"அப்ப கேபிள் இல்லாம டெஸ்ட் பண்ணிரலாமே சார்?"

"கஸ்டமரும் கேபிள் இல்லாமதான் ஓட்டுவாரா?"

இங்கே கேபிள்தான் ஆன்டெனா. ஒரு மீட்டர் கேபிளின் மேல் திரும்பி வராத வெறும் 5 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் ஓடினால் போதும், 50 மெகாஹெர்ட்ஸிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதிர்வெண் ஏற ஏற இன்னும் குறைவான மின்னோட்டமே போதும். போர்டைத் திறந்து பார்த்தோம். அனலாக் பகுதியைப் பிரிக்கிறோம் என்று கிரவுண்டு தளத்தில் (மின்னோட்டம் திரும்பி வரும் செம்புப் பரப்பில்) நீளமாக ஒரு வெட்டு. ஈதர்நெட் சிப்புக்குப் போகும் 125 மெகாஹெர்ட்ஸ் கிளாக் சிக்னல் அந்த வெட்டின் மேலேயே தாண்டிப் போகிறது. போன மின்னோட்டம் நேர் கீழே திரும்பி வர வழியில்லை, ஊரைச் சுற்றிக் கேபிள் வழியாக வெளியே கிளம்புகிறது. போதாததற்கு, கனெக்டரின் உலோகக் கூடு பெட்டியைத் தொடும் இடத்தில் அழகாக பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் வழியாக ஷீல்டு என்ன செய்யும்?

கேபிளில் ஒரு ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டினால் அன்றைக்கே பாஸ் ஆகியிருக்கும். லேபில் அப்படித்தான் ஆசை காட்டுவார்கள். ஆனால் அந்த ஃபெரைட் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அதன் பிறகு நீங்கள் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அது இருந்தாக வேண்டும். அடாப்டரும் அப்படித்தான். லேபுக்கு நல்ல அடாப்டரைக் கொண்டுபோய்விட்டு, விற்கும்போது மலிவானதைப் போட்டால் கையில் இருக்கும் ரிப்போர்ட் உங்கள் பொருளுடையது அல்ல. அவர் வெட்டை மூடி, கிளாக் தடத்துக்கு அடியில் முழு கிரவுண்டு வருகிற மாதிரி போர்டை மறுபடி போட்டார், பெயின்ட்டைச் சுரண்டினார். அடுத்த முறை ஃபெரைட் இல்லாமலே பாஸ்.

இதையெல்லாம் லேபுக்குப் போகாமலே பார்த்திருக்கலாம். லேப் கட்டணம் மணிக்கணக்கில் ஓடும். அங்கே உட்கார்ந்து பிழை தேடுவது மீட்டர் போட்ட ஆட்டோவில் உட்கார்ந்து முகவரி தேடுவதுபோல. கேபிளில் ஓடும் மின்னோட்டத்தைப் பிடிக்கும் ஒரு கரன்ட் கிளாம்பும், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று காட்டும் சாதாரண ஸ்பெக்ட்ரம் அனலைசரும் இரவல் வாங்கி, கிளாம்பை ஒவ்வொரு கேபிளிலும் மாட்டிப் பாருங்கள். சந்தேகம் என்றால் முதலில் டிசைன் ஆலோசனை கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குத் தரமணி சிஐடி வளாகத்தில் மத்திய அரசின் சமீர் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. சோதனையோடு, குறையை எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்கிற இடம் அது. அங்கேயும் நியமனத்தைக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

சான்று கையில் வந்த பிறகு சிப் கிடைக்கவில்லை என்று வேறு பிராசஸரோ வேறு பவர் சப்ளையோ போட்டால் பழைய சான்றைக் காட்டி ஓட்ட முடியாது. மாற்றத்தைத் தெரிவித்து, தேவையான சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அதனால் மாற்றுச் சிப்போடும் சேர்த்து முதலிலேயே சோதித்துவிடுவது மலிவு.

பணத்துக்கு ஒரு வழி உண்டு, ஆனால் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய சிறுதொழில் அமைச்சகம் புது வடிவில் தொடங்கிய செட் (ZED, பொருளில் குறையும் சுற்றுச்சூழலுக்குக் கேடும் இல்லாத உற்பத்தி) சான்றுத் திட்டத்தில், சோதனைக்கும் பொருள் சான்றுக்கும் ஆகும் செலவில் 75 சதவீதம் வரை, அதிகபட்சம் 50,000 ரூபாய், திரும்பக் கிடைக்க வழி வைத்திருக்கிறார்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வேண்டும், அதுவும் உற்பத்தி என்ற பிரிவில். வாங்கி விற்பவர் என்று பதிந்திருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். முதலில் செட் சான்று, பிறகுதான் இந்த உதவி. வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு மாவட்டத் தொழில் மையத்தில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. லேப் பில்லை உத்யமில் இருக்கும் அதே பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு வாங்குங்கள். கோவைக்காரரின் முதல் பில் அவருடைய மனைவி பெயரில் இருக்கும் இன்னொரு நிறுவனத்துக்குப் போட்டிருந்தார்கள்.