மருந்துப்போலி வேறு, போலி மருந்து வேறு

காரைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ரொம்ப நாளாக மூட்டுவலி. புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், சேர்ந்துகொள்கிறீர்களா என்று ஒரு மருத்துவமனையில் கேட்டு, ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவர் என்னைக் கூப்பிட்டார். "ஏந் தம்பி, போலி மருந்து குடுப்போம்னு அவுகளே எழுதி, கையெழுத்து வேற கேக்குறாகளே?"

ஆச்சி கேட்டது நியாயம்தான். போலி மருந்து என்றால் கள்ளச் சரக்கு. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி அதை விற்பவருக்குச் சிறை. படிவத்தை மொழிபெயர்த்தவர் சொல்ல வந்ததோ பிளசீபோ, அதாவது ஆராய்ச்சியில் கொடுக்கும் மருந்தில்லாத மாத்திரை. அதற்குத் தமிழில் மருந்துப்போலி என்று நல்ல சொல் இருக்கிறது, அவர் அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்.

இலக்கணப்போலி பள்ளியில் படித்திருப்போம். இல்முன் என்பது முன்றில் ஆகும், சொல் இடம் மாறினாலும் பொருள் மாறாது. இங்கே இடம் மாறினால் ஆராய்ச்சி குற்றமாகிவிடுகிறது!

போலி என்ற சொல்மேல் பழி போட வேண்டாம். போல் என்பதிலிருந்து வந்தது, ஒன்றைப் போல இருப்பது, அவ்வளவுதான். பந்தல் பந்தர் ஆனால் கடைப்போலி, ஐந்து அஞ்சு ஆனால் முற்றுப்போலி. அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? மருந்துப்போலியும் அப்படித்தான், நிறம், அளவு, மணம் எல்லாம் மருந்தைப் போலவே, உள்ளே மருந்து மட்டும் கிடையாது.

பிளசீபோ இலத்தீன் சொல், 'நான் பிரியமாக நடப்பேன்' என்று பொருள். மருத்துவத்துக்கு அது வந்தது இழவு வீட்டு வழியாக. இடைக்கால ஐரோப்பாவில் இறந்தவர்களுக்கான மாலை வழிபாடு, இலத்தீன் விவிலியச் சங்கீதம் ஒன்றில் வரும் அந்தச் சொல்லோடுதான் தொடங்கும். காசுக்கும் சாப்பாட்டுக்கும் வந்து பாடியவர்களைப் 'பிளசீபோ பாடுகிறவன்' என்று கேலி செய்தார்களாம். நம்மூரில் கூலிக்கு மாரடிக்கிறது என்போமே, அதேதான். அப்புறம் முகத்துதி பாடுகிறவனுக்கு அது பெயரானது, 18ஆம் நூற்றாண்டில் நோயாளியின் மனசுக்காகக் கொடுக்கும் மருந்துக்கும் ஆனது.

தமிழிலும் இந்தப் 'போல்' என்பதற்கு ஒரு இழவு வீட்டுத் தொடர்பு உண்டு. ஒப்பாரிக்குப் பழைய பொருள் ஒப்புமை. 'மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்' என்ற 1071ஆம் குறளில் போல், ஒப்பாரி இரண்டும் சேர்ந்தே வருகின்றன, அழுகை மட்டும் இல்லை.

சிலர் இதைச் சர்க்கரை மாத்திரை என்று எழுதுகிறார்கள். அதை ஆச்சியிடம் சொன்னால், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று ஏற்கெனவே போடுகிறேனே என்பார்.

சரி, மருந்தில்லாத மாத்திரை எதற்கு? மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும், மாத்திரை போட்டோம் என்ற நினைப்பிலேயே கொஞ்சம் குறையவும் செய்யும். சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்துப்போலியும் கொடுத்து, அந்தக் கணக்கைக் கழித்தால்தான் மருந்தின் வேலை தெரியும். 1799இல் ஜான் ஹேகார்த் என்ற இங்கிலாந்து மருத்துவர், வலியை இழுத்துவிடும் என்று அதிக விலைக்கு விற்ற உலோகக் குச்சிகளைப் போலவே மரத்தில் செய்து தடவிப் பார்த்தார். ஐந்து பேரில் நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள்.

இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும், அதற்கு நொசீபோ என்று பெயர், 'நான் தீங்கு செய்வேன்'. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நோயாளி அறிக்கையில், மனச்சோர்வு மருந்து ஆராய்ச்சியில் இருந்த 26 வயதுக்காரர் கையிலிருந்த 29 மாத்திரைகளையும் ஒரேயடியாக விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு ஓடி வருகிறார். இரத்த அழுத்தம் 80/40க்கு இறங்கிவிட்டது, வியர்வை, நடுக்கம். உப்புநீர் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஒருவர் வந்து, நீங்கள் விழுங்கியது மருந்துப்போலி என்று சொன்ன கால் மணி நேரத்தில் அழுத்தமும் நாடித் துடிப்பும் சரியாகிவிட்டன. உள்ளே மருந்தே இல்லை, ஆனால் அந்த 80/40 பொய்யில்லை.

படிவத்தில் பென்சிலால் போலி மருந்தை அடித்துவிட்டு மருந்துப்போலி என்று எழுதி, பக்கத்தில் 'மருந்தைப் போல் இருக்கும், மருந்து இருக்காது' என்றும் போட்டுக் கொடுத்தேன். ஆச்சி படித்துப் பார்த்தார்.

"அப்ப எனக்கு எது வரும்?"

"அது உங்களுக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது ஆச்சி. அவசரம் ஏதும் வந்தாலொழிய, ஆராய்ச்சி முடிந்த பிறகுதான் யாருக்கு எது என்று எழுதிய உறையைப் பிரிப்பார்கள்."

"டாக்டருக்கே தெரியாதா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். படிவம் இன்னும் திண்ணையில்தான் கிடக்கிறது.