கதவில் நசுங்கிய விரல்

கோவை கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறை. மொத்தமே ஆறு பேர். பம்புக்குத் தேவையான தகட்டுத் துண்டுகளை பவர் பிரஸ்ஸில் அடித்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். 2023-ல் அங்கே வேலை பார்த்த 30 வயதுத் தம்பி ஒருவனுக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கையில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி, பைக்கில் பின்னால் உட்கார வைத்து, சூப்பர்வைசர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவசரப் பிரிவில் டாக்டர் "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்க, இவன் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்: "வீட்டுக் கதவுல மாட்டிடுச்சுங்க."

ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், அது அப்படியே ஏறிவிட்டது.

ஐந்து மாதம் கழித்து, நஷ்டஈட்டு வழக்கு நடத்தும் என்னிடம் வந்தபோது அவன் கேட்டது வேறு. "ஓனர் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிட்டாருங்க சார். கையில 40,000 கொடுத்து ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்தும் வாங்கிட்டாரு. இனி ஒண்ணும் கேக்க முடியாதுங்களா?" கேட்கலாம். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்ததாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே சொன்னது. நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினாலும் சரி, நோட்டரி முத்திரை குத்தினாலும் சரி. கொடுத்த 40,000-ஐக் கழிக்க வேண்டுமா என்பது தனி வாதம். அந்தக் காகிதத்தைப் பார்த்து எனக்குக் கவலை வரவில்லை. ஏ.ஆர். நகலில் இருந்த 'கதவு' என்ற ஒரு சொல்தான் கவலையைக் கொடுத்தது.

ஏனென்றால் இந்தச் சட்டத்தில் தொழிலாளி நிரூபிக்க வேண்டியது அதிகமில்லை. யார் தப்பு என்பதே பொதுவாகக் கேள்வி இல்லை. வேலையின்போது, வேலையால் காயம் ஏற்பட்டதா? அது போதும். எதிர்த்தரப்புக்கு இருக்கும் வழிகள் சில: குடித்திருந்தான், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினான், மெஷினில் கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டை, அதாவது பாதுகாப்பு மறைப்பை, வேண்டுமென்றே கழற்றினான். உயிர் போனாலோ முழு நிரந்தர ஊனம் ஆனாலோ இந்த வாதங்களும் எடுபடாது. கார்டு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கார்டைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்த பிரஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பீஸ் எண்ணிக்கை ஏற வேண்டும் என்று மேலே இருப்பவர் சொன்னதால்தான் பெரும்பாலும் அது கழன்றிருக்கும். விபத்துக்கு அப்புறம் மட்டும் அது தொழிலாளி கழற்றியதாக மாறிவிடும்.

சரி, இவனுக்கு எவ்வளவு வரும்? கணக்கு இப்படி. முழு நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை சட்டம் அந்தந்த வயதுக்குக் கொடுத்திருக்கும் காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. இவன் சம்பளம் 16,000. ஆனால் 2020 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி 15,000 வரைதான் கணக்கில் சேரும். ஆக 9,000 பெருக்கல் 207.98, 18,71,820 ரூபாய். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று சட்டத்தோடு இணைந்த அட்டவணை சொல்கிறது. அதன்படி 3,74,364 ரூபாய். மருத்துவச் செலவு தனி, செலவானது முழுவதும். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். இந்தக் கணக்கை வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டியபோது அந்தத் தம்பி தாளைத் தன் பக்கம் திருப்பி, பெருக்கலை வலது கை விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுச் சரிபார்த்தான்.

அட்டவணைச் சதவீதமே எப்போதும் கடைசி வார்த்தை என்று நினைக்காதீர்கள். சினிமா தியேட்டரில் வேலை பார்க்கும்போது கீழே விழுந்து, இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் சொன்னது. விபத்து நடந்த அன்றே நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு தொடங்கிவிடுகிறது, நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் ஆணையரின் உத்தரவு வரும்வரை முதலாளி காத்திருக்க முடியாது என்பதும் அதே தீர்ப்புதான்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமாக இருந்து சம்பளம் 21,000-க்குள் இருந்தால் பாதை வேறு. இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு, அங்கே வரும். அது வந்தால் முதலாளி மேல் இந்த நஷ்டஈட்டு மனு போட முடியாது. குறையென்று நினைக்க வேண்டாம். தற்காலிக ஊனத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதமும், நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுக்க மாதாமாதமும் கிடைக்கும். வேலைக்காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. முதல் நாள் வேலையிலேயே அடிபட்டாலும் உண்டு.

2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. இறப்புக்கு 50, முழு ஊனத்துக்கு 60 என்ற சதவீதக் கணக்கு அதிலும் தொடர்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது கணக்கில் வரும். பழைய சட்டத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும் என்றிருந்தது. என்னைக் கேட்டால் இரண்டு மாதத்தையே தாண்ட விடாதீர்கள். கூட வேலை பார்த்தவர்கள் அதற்குள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள்.

இறப்பு என்றால் ஒன்றை மறக்கக் கூடாது: நஷ்டஈட்டைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்துவிட்டோம் என்று முதலாளி தப்பிக்க முடியாது, நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆள் என்றாலும், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நிறுவனத்தைக் கேட்கலாம். வெளிமாநிலத் தொழிலாளி ஊருக்குத் திரும்பிவிட்டால் தான் வழக்கமாக வசிக்கும் ஊரிலேயே மனு போடவும் பழைய சட்டம் இடம் கொடுத்தது. இதெல்லாம் தெரியாமல் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ரயிலேறியவர்கள் எத்தனையோ பேர்.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஏ.ஆர். நகலைத்தான் பெரிதாகக் காட்டினார். எங்களிடம் எக்ஸ்ரே இருந்தது. இரண்டு விரலும் ஒரே கோட்டில், ஸ்கேல் வைத்து வெட்டியதுபோலப் போயிருந்தன. டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, வீட்டுக் கதவு இப்படி வெட்டுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு "வாய்ப்புக் குறைவு" என்றார். அந்த இரண்டு சொல் எங்களுக்குப் பாதி பலம். மீதி, ஓனர் அன்றைக்கே கூகுள் பேயில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பணம், பிற்பகல் 3.12 மணிக்கு. வீட்டில் கதவில் நசுங்கிய விரலுக்கு வேலை நேரத்தில் ஓனர் எதற்குப் பணம் கட்டினார் என்பதற்கு அவர்கள் தரப்பில் யாரும் பதில் சொல்லவில்லை. சம்பளத்துக்கு ரசீது கிடையாது. அவன் மனைவி காலண்டரில் குறித்து வைத்திருந்த அட்வான்ஸ் கணக்கும், கூட வேலை பார்த்த ஒருவரின் சாட்சியமும் கைகொடுத்தன. ஒன்றரை வருஷம் இழுத்து, 3,74,364 ரூபாயும் வட்டியும் என்று உத்தரவு வந்தது. முதல் நாள் ஏ.ஆரில் 'பவர் பிரஸ்' என்று இருந்திருந்தால் இந்த ஒன்றரை வருஷத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

இப்போதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு யாராவது ஆஸ்பத்திரி வாசலில் இருந்து போன் செய்து "சார், தம்பிக்குக் கை மெஷின்ல மாட்டிடுச்சு" என்றால், நான் சட்டம் எதுவும் பேசுவதில்லை. "உள்ளே போய், என்ன எழுதியிருக்காங்கன்னு கேட்டுப் படிச்சுட்டு வாங்க. தப்பா இருந்தா அங்கேயே, டாக்டர் டூட்டி மாறுறதுக்கு முன்னாடி, மெஷின் பேரைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்க. ஏ.ஆர். நம்பரைக் குறிச்சுக்குங்க" என்கிறேன். பட்டறைக்காரர் யாராவது பக்கத்தில் நின்றால் அவர் போகும்வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்கிறேன்.