பட்டியலில் நாற்பது பேர், வண்டியில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் புறநகர் தாண்டி வீடு வாங்கும் நம்மவர்கள் பள்ளிக்கூடத்தின் தரம் பார்க்கிறார்கள், சொத்து வரி பார்க்கிறார்கள், இந்திய மளிகைக் கடை எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்கள். வீடு தீப்பிடித்தால் வரப்போவது யார் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாததில் வியப்பும் இல்லை. அங்கே தீயணைப்பு மாநில அரசின் ஒரே துறை. நிலையத்தில் சம்பளக்காரர்கள் முறை வைத்து இருப்பார்கள். இங்கே நிலைமை வேறு. தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.யின் 2020 கணக்குப்படி நாட்டிலுள்ள சுமார் 10,41,200 தீயணைப்பாளர்களில் 6,76,900 பேர் தன்னார்வலர்கள். 1984-இல் இவர்கள் 8,97,750 பேர் இருந்தார்கள். ஆட்கள் குறைந்த அதே காலத்தில் அழைப்புகள் மூன்று மடங்கைத் தாண்டின. அவற்றில் பெரும்பகுதி தீ அல்ல. நெஞ்சுவலி, கீழே விழுந்தது, மூச்சுத் திணறல் போன்ற மருத்துவ அழைப்புகள்.

ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தீயணைப்புத் துறை சம்பளக்காரர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்து நடத்தும்போது இரண்டு கேள்விகள் எழும். அழைப்பு வந்த அந்த நிமிடத்தில் எத்தனை பேர் வருவார்கள்? வருபவர்களைக் கேள்வி கேட்க யாருக்கு அதிகாரம்? பார்க்க வேறு வேறு கேள்விகள். நடைமுறையில் இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவை.

கழித்துப் பார்த்தால்

ஒரு நிலையத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், கழித்தல் போகும் வரிசை மட்டும் ஏறக்குறைய எங்கும் இதுதான். பட்டியலில் 40 பெயர். அதில் 9 பேர் கணக்கு வழக்கு பார்ப்பவர்கள், களத்திலிருந்து ஓய்ந்த ஆயுள் உறுப்பினர்கள். மீதி 31. பதினெட்டு வயது நிரம்பாத ஜூனியர்கள் 5 பேர். எரியும் கட்டடத்துக்குள் அவர்களை அனுப்ப முடியாது. 26. அடிப்படைப் பயிற்சி முடிக்காத புதியவர்கள் 6 பேர். 20. மருத்துவப் பரிசோதனையோ, மூச்சுக் கருவியின் முகமூடி கசியாமல் முகத்தில் படிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனையோ காலாவதியானவர்கள் 6 பேர். 14.

இந்தப் பதினான்கும் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு எங்கே இருக்கும்? பத்துப் பேர் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் வேலையில் இருப்பார்கள். மிச்சம் நாலு. அந்த நாலில் வண்டியை ஓட்டி, பம்பை இயக்கத் தேர்ச்சி பெற்றவர் ஒரே ஒருவர். அவர் பல் மருத்துவரிடம் போயிருந்தால், மூன்று பேர் கவசம் மாட்டி நின்றும் வண்டி கொட்டகையை விட்டு நகராது. “எங்களிடம் நாற்பது தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்” என்று நிதிநிலைக் கூட்டத்தில் சொல்லப்படும் எண்ணுக்கும் வாசலில் நிற்கும் வண்டிக்கும் உள்ள தூரம் இது.

நாலு பேர் என்பது ஏன் முக்கியம்? மத்தியத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் மூச்சுப் பாதுகாப்பு விதி 1910.134 சொல்வது இது: தீப்பற்றிய கட்டடத்துக்குள் குறைந்தது இரண்டு பேராகத்தான் நுழைய வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்கவோ குரல் கேட்கவோ முடிய வேண்டும், வெளியே குறைந்தது இரண்டு பேர் உள்ளே போய் மீட்கத் தயாராக நிற்க வேண்டும். உள்ளே மாட்டிய உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் மட்டும் முழு அணி சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. பம்பு இயக்குபவரை வெளியே நிற்கும் இரண்டில் ஒருவராக எண்ணிவிடுவார்கள். அவர் பம்பை விட்டு அகன்றால் உள்ளே இருப்பவரின் குழாயில் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. விட்டுவிட்டு வர முடியாத வேலையில் இருப்பவரைக் காத்திருப்பவராக எண்ணக் கூடாது என்பதே விதியின் கருத்து.

நேரத்தைப் பார்த்தால் இன்னும் இறுக்கம். தன்னார்வத் துறைகளுக்கென்று என்.எஃப்.பி.ஏ. 1720 என்ற எண்ணில் அறியப்படும் தரநிலை, சதுர மைலுக்கு 1,000 பேருக்கு மேல் வாழும் இடத்தில் 9 நிமிடத்தில் 15 பேர், 500 முதல் 1,000 வரை என்றால் 10 நிமிடத்தில் 10 பேர், 500-க்குக் கீழே 14 நிமிடத்தில் 6 பேர் என்று இலக்கு வைக்கிறது. கிராமப்புற இலக்கைப் பத்தில் எட்டு முறை எட்டினால் போதும். செயற்கை நுரை சோபாவும் பாலியஸ்டர் திரையும் உள்ள இன்றைய கூடம் நாலைந்து நிமிடத்தில் முழுதாகப் பற்றிவிடும். இலக்கை எட்டினாலும் அந்த ஓர் அறை போனது போனதுதான். வீட்டின் மிச்சத்தையாவது காப்பாற்றுவது அந்த ஆறு பேர் வருவதைப் பொறுத்தது.

கடிகாரத்தை நிறுத்துவது எது?

கவுண்டி நிர்வாகம் பார்க்கும் மாதாந்திர அறிக்கையில் ‘வந்து சேர்ந்த நேரம்’ என்று ஒரு பத்தி இருக்கும். அதில் ஒரு வசதியான ஓட்டை உண்டு. முதல் வாகனம் வந்ததுமே கடிகாரம் நின்றுவிடும். அது தலைவர் தனியாக ஓட்டி வரும் காராக இருக்கலாம். ஓட்டுநரும் ஒரு புதியவரும் மட்டும் ஏறி வந்த வண்டியாகவும் இருக்கலாம். அறிக்கையில் 8 நிமிடம் என்று பச்சை நிறத்தில் இருக்கும். வாசலிலோ குழாய் பிடிக்க ஆள் இருக்காது.

ஆகவே ஒரே நேரத்தை அளக்காமல் மூன்றை அளக்கச் சொல்வோம்: முதல் வாகனம் வந்த நேரம், உள்ளே நுழையத் தகுதியுள்ள நாலாவது ஆள் வந்த நேரம், தீயின் மேல் முதல் தண்ணீர் விழுந்த நேரம். இவற்றோடு, கூப்பிட்டும் வண்டி கிளம்பாத அழைப்புகள் எத்தனை என்பதை நிலையவாரியாக, வாரநாள் பகல், இரவு, வார இறுதி என்று பிரித்து வெளியிட வேண்டும். மொத்தச் சராசரி எதையும் காட்டாது. ஞாயிறு இரவில் பன்னிரண்டு பேர் வரும் நிலையமும் புதன் பகலில் யாருமே வராத நிலையமும் ஒரே நிலையமாக இருக்கும்.

பள்ளம் எங்கே என்று தெரிந்துவிட்டால் நிரப்புவது அவ்வளவு கடினமில்லை. வாரநாள் பகலில் முதல் அழைப்பிலேயே இரண்டு மூன்று நிலையங்களை ஒன்றாகக் கூப்பிடுவது முதல் வழி. வீட்டிலிருந்து பேஜர் கேட்டு ஓடி வருவதற்குப் பதில், முறை வைத்து நிலையத்திலேயே தங்குவது இரண்டாவது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை கவுண்டி சம்பளக்காரர்களை வைப்பது மூன்றாவது. செலவு இந்த வரிசையில் ஏறும்.

மூன்றாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது. கவுண்டி ஆள் எடுக்கும்போது முதலில் கிடைப்பவர்கள் நன்கு பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். எடுத்த மறுநாளே அவர்கள் ஓய்வு நாளில் தம் பழைய நிலையத்துக்கு இலவசமாக வருவது சிக்கலாகிவிடும். மத்திய ஊதியச் சட்டப்படி, ஒரு பொது அமைப்பில் சம்பளத்துக்குச் செய்யும் வேலையையே அதே அமைப்புக்கு இலவசமாகச் செய்ய முடியாது. நிலையத்தை நடத்தும் தன்னார்வ நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி அமைப்பா, கவுண்டியின் கிளையா என்பதை ஆள் எடுக்கும் முன் வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும்; மிகைநேர ஊதிய வழக்கு வந்தபிறகு அல்ல. தன்னார்வலருக்குத் தரும் சிறு தொகைக்கும் எல்லை உண்டு. அதே வேலைக்கு முழுநேரப் பணியாளர் பெறுவதில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது தொழிலாளர் துறையின் அளவுகோல். ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். மணிக்கணக்கில் கொடுத்தால் அது சம்பளத்தின் சாயலுக்கு வந்துவிடும்.

“இலவசமாக வருபவரை என்ன கேட்பது?”

மேற்பார்வை சறுக்கும் இடம் பெரும்பாலும் இந்த வாக்கியம்தான். தூக்கத்தை விட்டு, குடும்பத்தை விட்டு, காசு வாங்காமல் வருபவரிடம் “உங்கள் சோதனை காலாவதி, நீங்கள் உள்ளே போகக் கூடாது” என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. இதன் மேல் இன்னொன்று. பல தன்னார்வ நிறுவனங்களில் தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களையே அவர் கண்டிக்க வேண்டும். அடுத்த தேர்தலிலும் அதே ஆட்கள்தான் கை தூக்க வேண்டும். நிலையக் கட்டடமும் வண்டியும் நிறுவனத்தின் சொத்து, எரிபொருளும் காப்பீடும் கவுண்டியின் செலவு என்றால் கேட்கவே வேண்டாம்.

தீர்வு தேர்தலை ஒழிப்பதில் இல்லை. நிறுவனத்தின் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கட்டும். தீக்களத்தில் கட்டளையிடும் அதிகாரத்தைக் கவுண்டி கொடுக்கட்டும், அதுவும் சான்றிதழைப் பார்த்து. மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டியில் சம்பளக்காரர்களும் உள்ளூர்த் தன்னார்வ நிறுவனங்களும் ஒரே தீயணைப்புத் தலைவரின் கீழ் இயங்குகிறார்கள். எந்தப் பதவிக்கு எந்தத் தகுதி என்பது இரு தரப்புக்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில் போதும். 2001 செப்டம்பரில், கைவிடப்பட்ட ஒரு வீட்டில் தீப் பயிற்சி. சேர்ந்து சில வாரங்களே ஆன 19 வயதுத் தன்னார்வலரை மாடியில் ‘மாட்டிக்கொண்டவராக’ உட்கார வைத்தார்கள். கீழே பற்றவைத்த தீ நுரை மெத்தையில் ஏறிப் படிக்கட்டை அடைத்தது. அவர் இறந்தார். பயிற்சித் தீயில் உயிருள்ள ஆளைப் பாதிக்கப்பட்டவராக வைக்கக் கூடாது என்று என்.எஃப்.பி.ஏ. 1403 அப்போதே தெளிவாகச் சொல்லியிருந்தது. பயிற்சியை நடத்திய துணைத் தலைவர் மீது கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றம் நிரூபணமானது. விதி இருந்தது, அன்று அந்த வீட்டு வாசலில் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் அதிகாரத்தோடு வெளியாள் ஒருவர் இல்லை.

டெக்சாஸின் வெஸ்ட் என்ற சிற்றூரில் 2013 ஏப்ரல் 17 அன்று உரக் கிடங்கு வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் தீயை அணைக்கப் போனவர்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள். தீப்பிடித்த அம்மோனியம் நைட்ரேட் எப்படி வெடிக்கும் என்ற பயிற்சி அவர்களுக்குப் போதிய அளவு கிடைத்திருக்கவில்லை என்று மத்திய வேதியியல் பாதுகாப்பு வாரியம் கண்டது. சம்பளம் வாங்கும் தீயணைப்பாளருக்கு மாநிலம் கட்டாயப் பயிற்சி விதித்திருந்தது, தன்னார்வலருக்கு விதிக்கவில்லை. தீக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அன்றாட மேற்பார்வை என்பது பெரிய விசாரணை அல்ல, தேதி பார்ப்பதுதான். முகமூடிப் பொருத்தச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். எடை கணிசமாகக் கூடினாலோ குறைந்தாலோ, பல் செட் மாற்றினாலோ உடனே திரும்பச் செய்ய வேண்டும். முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலில் படியும் இடத்தில் தாடி இருக்கக் கூடாது. ஒரு நாள் தாடி போதும் கசிவதற்கு. கசிந்தால் புகை உள்ளே வருவது ஒரு பக்கம், காற்றும் வேகமாகத் தீரும். 30 நிமிடக் காற்று உருளை என்று பெயர் இருந்தாலும் படியேறிக் குழாய் இழுப்பவருக்கு அது பதினைந்து, இருபது நிமிடத்தில் காலி. மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது எச்சரிக்கை மணி அடிக்கும். மணி அடித்த பிறகு வெளியேறத் தொடங்குபவர் ஏற்கெனவே தாமதம்.

பணியில் இறக்கும் தீயணைப்பாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைக் கொல்வது இதயம். தன்னார்வலர்களிடையே வயது கூடிக்கொண்டே போகும் நிலையங்களில் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் மிகப் பெரிய தவறு. “பரிசோதனை வைத்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள்” என்பார்கள். உள்ளே போக முடியாதவரை வெளியேற்ற வேண்டியதில்லை. பம்பு, தண்ணீர் ஏற்பாடு, களத்தில் பெயர்க் கணக்கு என்று வேலை இருக்கிறது. பரிசோதனைச் செலவைக் கவுண்டி ஏற்க வேண்டும். அதைத் தன்னார்வலர் தலையில் கட்டிவிட்டு அவர் வரவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

வண்டி ஓட்டுவது அடுத்த ஆபத்து. தண்ணீர்க் குழாய் வசதியில்லாத இடங்களுக்கு 3,000 கேலன் டேங்கர் போகும். தண்ணீர் மட்டும் 11 டன்னுக்கு மேல். பாதி நிரம்பிய டேங்கர் முழு டேங்கரைவிட மோசம். வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியை இழுக்கும். பல மாநிலங்களில் தீயணைப்பாளருக்குக் கனரக வணிக ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. அரசு கேட்காததைக் கவுண்டி கேட்க வேண்டும்: அவசர வண்டி ஓட்டும் பயிற்சி, அந்தந்த வண்டிக்குத் தனித் தேர்ச்சி, ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுநர் பதிவுச் சரிபார்ப்பு. சொந்தக் காரில் நீல விளக்கு சுழலவிட்டு வருபவருக்குப் பல இடங்களில் சிவப்பு விளக்கைத் தாண்டும் உரிமை கிடையாது. நியூயார்க்கில் அது வழிவிடும்படி வேண்டும் மரியாதை விளக்கு மட்டுமே.

கவச உடைக்கு உற்பத்தித் தேதியிலிருந்து 10 ஆண்டு. புதியவருக்குப் பழைய அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் உடையின் உள் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். பணக் கணக்கில் சொல்ல அதிகமில்லை: காசோலைக்கு இரண்டு கையெழுத்து, வங்கி அறிக்கையைப் பொருளாளர் அல்லாத ஒருவர் முதலில் பிரிப்பது, ஆண்டுத் தணிக்கை. நன்கொடைச் சாப்பாட்டு விழாவின் ரொக்கத்தை அன்றிரவே இருவராக எண்ண வேண்டும்.

ஆள் சேர்ப்பதில் கவுண்டிகள் விளம்பரத்துக்குச் செலவழித்துவிட்டு, வந்தவரைக் கோட்டைவிடுகின்றன. விண்ணப்பம் போட்டவரை இரண்டு நாளில் யாரும் அழைக்காவிட்டால் ஆர்வம் ஆறிவிடும். பின்னணிச் சரிபார்ப்பைத் தவிர்க்க முடியாது. தீவைப்புக் குற்றப் பின்னணி உள்ளவர் தீயணைப்பில் சேர்ந்த கதைகள் உண்டு. அது முடியும் வரை காத்திருக்க வைக்காமல், நிலையத்தைச் சுற்றிக்காட்டி முதலுதவிப் பயிற்சியில் உட்கார வைக்கலாம். நூறு மணி நேரத்துக்கு மேல் போகும் அடிப்படைப் பயிற்சியை வார இரவுகளில் மட்டும் வைத்தால் முறைமாற்று வேலை பார்ப்பவர் வர முடியாது. ஆட்சேர்ப்புக்கும் தக்கவைப்புக்கும் மத்திய அரசின் சேஃபர் நிதி உதவி இருக்கிறது. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் இல்லாததால் விட்டுவிடும் துறைகளும் இருக்கின்றன.

அங்கேதான் இதைப் படிக்கும் பலர் உதவ முடியும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் மருத்துவம், முகமூடி, ஓட்டுநர் தேர்ச்சி, உடைத் தேதி என நாலு பத்திகள். காலாவதிக்கு அறுபது நாள் முன்னால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. எக்செல் தெரிந்தவருக்கு ஒரு சனிக்கிழமை வேலை, பிறகு மாதம் இரண்டு மணி நேரம். சிவப்பு விழுந்த பெயரைத் தலைவர் தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் அட்டவணை சொல்லிவிடும். பெரும்பாலான நிலையங்கள் நிர்வாக உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அதற்கு மூச்சுக் கருவி மாட்ட வேண்டாம், தாடியும் வைத்துக்கொள்ளலாம்.