கயிறு மாற்றும் முன் பிளக் கேப்பைக் கழற்றுங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் குன்னூரிலும் ஊட்டியிலும் உள்ள விடுதிகளுக்கும் பங்களாக்களுக்கும் திடீரென்று புல்தரை நினைவுக்கு வந்துவிடும். மே மாதம் மலர்க் கண்காட்சி, கூட்டம் மலையேறும். பனிக்காலம் முழுவதும் ஷெட்டில் போட்டு வைத்திருந்த, புல் வெட்டும் லான் மோவரை வெளியே இழுத்து, ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஆள் மாற்றி ஆள் இழுத்து, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை அறுத்த பிறகு என் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். கயிறு அறுந்து வருகிற இயந்திரங்களைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது என் பிழைப்பு. கயிற்றைத் தாங்களே மாற்றிக்கொண்டு, பிறகு கட்டுப் போட்ட கையோடு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எரிச்சலும் வேதனையும் ஒன்றாக வருகின்றன.

கடைசியாக வந்தவர் ஒரு விடுதியின் தோட்டக்காரர். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. மேலாளர் ஒருவரும் கூடவே வந்து, "இயந்திரத்தில் ஏதோ கோளாறு, பாருங்கள்" என்று இறக்கி வைத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தேன். கயிறு மாற்றிய வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல பின்னல் நைலான் கயிறு, நுனி சுத்தமாகச் சுடப்பட்டிருந்தது, முடிச்சு, கயிறு சுற்றும் கப்பியின் குழிக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஆனால் கப்பி இருக்கும் ஸ்டார்ட்டர் மூடியைத் திரும்பப் பொருத்தியபோது, மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று மூடியின் விளிம்புக்கு அடியில் சிக்கி நசுங்கியிருந்தது. மேலுறை அப்படியே இருந்தது. விரலால் வளைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் தொளதொளவென்று மடங்கியது. உள்ளே செம்பு அறுந்துபோயிருந்தது.

அன்று காலை ஈரப்புல்லில் ஓட்டியிருக்கிறார். அடியில் புல் அடைத்து இன்ஜின் தானாக நின்றுவிட்டது. லீவரை 'ஸ்டாப்' பக்கம் தள்ளிவிட்டு, இயந்திரத்தைச் சாய்த்து, அடைத்திருந்த புல்லைக் கையால் பிடுங்கியிருக்கிறார். பிளேடு குறுக்கே நின்றது. அதைத் தள்ளினார். இன்ஜின் ஒரே ஒருமுறை வெடித்தது. அவ்வளவுதான்.

"ஆஃப் செய்துவிட்டுத்தான் அண்ணா கையை வைத்தேன்" என்றார். கை போனவர்கள், கை தப்பியவர்கள் எல்லாரும் என்னிடம் சொல்கிற வாக்கியம் இது. அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆஃப் என்பதைப் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் விளக்குக்கு ஒரு சுவிட்சு இருக்கிறது. ஆஃப் செய்தால் மின்சாரம் போகும் பாதை துண்டிக்கப்படுகிறது. ஒயர் எங்காவது அறுந்தாலும் விளக்கு எரியாது. இதைப் பார்த்தே வளர்ந்ததால், 'ஒயர் போனால் கரண்ட் போச்சு' என்ற கணக்கு நம் மனதில் படிந்துவிட்டது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன இன்ஜினில் இந்தக் கணக்கு தலைகீழ். அதில் பேட்டரி கிடையாது. இன்ஜினோடு சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலில் ஒரு காந்தம் பதிந்திருக்கிறது. அது பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் தீப்பொறிக்கான மின்சாரம் அங்கேயே, அந்த நொடியே பிறக்கிறது. இன்ஜின் சுற்றினால் தீப்பொறி உண்டு. யார் சுற்றினார்கள், கயிறு சுற்றியதா, கை சுற்றியதா என்று அது பார்க்காது.

அப்படியானால் ஸ்டாப் லீவர் என்ன செய்கிறது? காயிலில் பிறக்கும் மின்சாரத்தை, தீப்பொறி விடும் பிளக்குக்குப் போகவிடாமல் இன்ஜின் உடம்பில் இறக்கிவிடுகிறது, அதாவது எர்த் செய்கிறது. அந்த வேலையைச் செய்வது நான் சொன்ன கறுப்பு ஒயர். ஒயர் அறுந்துவிட்டால் இறக்கிவிட வழியில்லை. லீவரை எங்கே தள்ளினாலும் இன்ஜின் எப்போதும் ஆனில்தான் இருக்கும். ஒயர் அறுந்தால் வீட்டு விளக்கு அணைகிறது, லான் மோவர் அணையவே மறுக்கிறது. இந்த ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் நான் இதை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும். அதே ஒயர் அறுபடாமல், உறை மட்டும் கிழிந்து உடம்பில் தொட்டிருந்தால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகியிருக்காது. திட்டிக்கொண்டே என்னிடம் கொண்டுவந்திருப்பார், விரல் மிஞ்சியிருக்கும்.

கயிறு மாற்றுகிற வேலையில்தான் இந்த ஒயருக்கு ஆபத்து அதிகம். பல மாடல்களில் அது மூடியின் ஓரமாகவே போகிறது. மூடியைத் தூக்கும்போது இழுபடும், வைக்கும்போது நசுங்கும். வேலை முடிந்ததும் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, உடனே லீவரை ஸ்டாப்பில் தள்ளிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் பதறிப்போய், ஓடுகிற இன்ஜினின் பிளக் கேப்பை, அதாவது பிளக்கின் தலையில் ஒயரோடு மாட்டியிருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்காதீர்கள். 10,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், கை தானாகத் துள்ளும், துள்ளுகிற கை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. காற்று போகும் வழியை அடைக்கும் சோக்கைப் போடுங்கள், மூச்சடைத்து நின்றுவிடும். சோக் இல்லாத மாடல் என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டுத் தள்ளி நின்று காத்திருங்கள்.

நின்றுவிட்டது, ஒயர் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் லீவரை நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது. பிளக் கேப்பைக் கழற்ற வேண்டும். ரப்பர் மூடியைப் பிடித்துத் திருகி இழுத்தால் வந்துவிடும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கழற்றிய கேப்பை அப்படியே தொங்கவிட்டால் அது ஆடி மறுபடியும் பிளக்கின் தலையில் உட்காரும். ஒரு துணியைச் சுற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள். இவ்வளவும் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

தோளில் மாட்டிப் புதர் வெட்டும் பிரஷ் கட்டரில் கிளட்சு இருப்பதால் பிளேடைக் கையால் சுற்றினால் இன்ஜின் சுற்றாது. அந்தத் தைரியத்தோடு லான் மோவரிடம் போகிறார்கள். லான் மோவரில் பெரும்பாலும் பிளேடு நேராக இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கின் நுனியிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. பிளேடைச் சுற்றுவதும் கயிற்றை இழுப்பதும் அங்கே ஒன்றுதான்.

இனி கயிறு. அறுந்த கயிற்றைக் காட்டி, "மட்டமான கயிறு சார்" என்பார்கள். கயிற்றின் மேல் பழியைப் போடுவதற்கு முன் அது எங்கே அறுந்தது என்று பாருங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் என்றால், கோணலாக இழுத்து வாய்த்துளையில் உரசி உரசித் தேய்ந்திருக்கும். கப்பிக்குப் பக்கத்தில் என்றால், கடைசி வரை சுண்டி இழுத்து முடிச்சில் அடி விழுந்திருக்கும். பாதி இழுப்பிலேயே இறுகிப்போய் அறுந்ததென்றால் இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும். இயந்திரத்தைத் தள்ளுகிற கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கிற கம்பி உள்ள மாடலில், அந்தக் கம்பியைப் பிடிக்காவிட்டால் ஃப்ளைவீலை பிரேக் கவ்வியிருக்கும். அதைப் பிடிக்காமலே இரண்டு பேர் சேர்ந்து இழுத்துக் கயிற்றை அறுத்த கதையெல்லாம் உண்டு. கல்லில் பிளேடு மோதிய பிறகு கயிறு கையைத் திருப்பி உதைக்கிறதென்றால், ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சின்னத் துண்டான கீ அறுந்து, தீப்பொறி விழும் நேரம், அதாவது டைமிங் மாறியிருக்கலாம். புதுக் கயிறு போட்டாலும் உதைக்கும், மணிக்கட்டு போகும். ஏர் ஃபில்டர் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிக் கயிறு அசையாது. சாய்க்கும்போது ஏர் ஃபில்டரும் பிளக்கும் மேலே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. போன அக்டோபரில் ஊற்றிய பெட்ரோலோடு ஏப்ரலில் இழுக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். இயந்திரத்தை மூடிவைக்கும் முன் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

கயிறு வாங்கும்போது அறுந்த இரண்டு துண்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். நீளமும் கனமும் அதில் தெரியும். லான் மோவருக்குப் பொதுவாக 4 முதல் 5 மில்லிமீட்டர், பிரஷ் கட்டருக்கு 3 அல்லது 3.5. கனம் கூடினால் கப்பியில் சுற்று அடங்காது. குறைந்தால் கப்பிக்கும் மூடிக்கும் நடுவில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கொடியைக் கட்டி வருகிறார்கள், அது சூட்டில் இளகும். தயவுசெய்து வேண்டாம்.

நுனியை லைட்டரால் சுடுவதை இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து செய்யாதீர்கள். டேங்க் மூடியின் சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வந்துகொண்டே இருக்கும். எழுந்து பத்து அடி தள்ளிப் போய்ச் சுட்டுக்கொண்டு வாருங்கள். உருகிய நைலானை விரலால் உருட்டாதீர்கள், தோலோடு ஒட்டி உரியும்.

பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும், ஸ்டார்ட்டர் மூடி கழன்றுவிடும். கப்பியைத் தனியாகத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு அடியில்தான் ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிறது. ஓரம் கத்தி மாதிரி இருக்கும் நீளமான எஃகுப் பட்டை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று கப்பியை நெம்பிப் பார்ப்பவர்களின் முகத்துக்கு நேராக அது சீறி வெளியே வரும். கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் அதைத் திறக்கிறவரை நான் என் பட்டறைக்குள் விடமாட்டேன். ஸ்பிரிங்கே உடைந்திருந்தால் அதை வீட்டில் முயல வேண்டாம், கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஸ்பிரிங் நன்றாக இருந்தால் மீதி சுலபம். கயிற்றை இழுத்தால் கப்பி எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கமாக அது முட்டும்வரை சுற்றி, பிறகு கப்பியின் துளையும் மூடியின் துளையும் நேராக வருகிறவரை ஒரு சுற்றுக்குள் பின்னால் விட வேண்டும். அங்கே பூட்டும் பிளையரால் இறுக்கிவிட்டுக் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். ஸ்குரூ டிரைவரைச் செருகி வைப்பது போதாது, நழுவினால் கப்பி விரலைச் சிராய்த்துக்கொண்டு சுழலும். மறுமுனையில் கைப்பிடியைக் கட்டிய பிறகு மெதுவாக, கையில் பிடித்தபடியே, கயிற்றை உள்ளே போகவிடுங்கள். கடைசியில் ஒரு சோதனை: கயிற்றை முழுவதும் வெளியே இழுத்த நிலையிலும் கப்பி இன்னும் அரைச் சுற்றாவது சுற்ற இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த சுண்டலில் ஸ்பிரிங் போய்விடும். மூடியைப் பொருத்தும்போது அந்தக் கறுப்பு ஒயர் எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

விடுதி மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பிடிக் கம்பியைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கும் இயந்திரங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கேட்டால், "பிடித்துக்கொண்டே இருந்தால் கை வலிக்கிறதாம்" என்கிறீர்கள். கையை விட்டால் பிளேடு 3 வினாடிக்குள் நிற்க வேண்டும் என்று 1982 முதல் அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. அதற்காக வந்ததுதான் அந்தக் கம்பி. ஓட்டுகிறவர் சரிவில் வழுக்கி விழுந்தாலும் பிளேடு நிற்க வேண்டும். நம் மலையில் சரிவில்லாத புல்தரை எத்தனை இருக்கிறது? கட்டுக்கம்பியை இன்றே வெட்டி எறியச் சொல்லுங்கள். புல் அடைத்தால் குத்தி எடுக்க ஒரு மரக்குச்சி, ஒரு ஜோடி தடித்த கையுறை, ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். விருந்தினர் எழுந்திருக்கும் முன் வெட்டி முடிக்க வேண்டும் என்று பனி காயாத புல்லில் ஆளை இறக்கிவிடாதீர்கள். ஈரப்புல்தான் அடைக்கும், அடைத்தால்தான் கை உள்ளே போகும்.

நடக்கக்கூடாதது நடந்துவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். துண்டான விரலைத் தேடி எடுத்து, நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது, படும் இடம் உறைந்து கெட்டுவிடும். தைத்துச் சேர்க்கும் மருத்துவரைத் தேடி பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் இறங்கிக் கோயம்புத்தூர் போகவேண்டி வரலாம். இதையெல்லாம் அந்தத் தோட்டக்காரருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்டாப் ஒயர் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும், அதற்கு நான் காசு வாங்குவதில்லை. டேங்க் நிறையப் பெட்ரோலோடு ஆட்டோவின் பின்னால் படுக்கவைத்து மட்டும் கொண்டுவராதீர்கள்.