ரோல் பிளே: தமிழில் என்ன சொல்லலாம்?

ரோல் என்றால் முதலில் காகிதச் சுருள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அந்தக் கால ஐரோப்பிய நாடகங்களில் நடிகருக்கு முழு நாடகத்தையும் எழுதித் தரமாட்டார்கள். அவர் பேச வேண்டிய வசனம் மட்டும் சுருளில் இருக்கும். சுருளின் பெயரே வேடத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

நம் பக்கம் கூத்தில் 'வேஷம் கட்டுவது' என்பார்கள். நாடகக் கம்பெனிகள் ஆங்கிலப் 'பார்ட்'டை எடுத்து ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று நம் சொல்லாகவே ஆக்கிவிட்டன.

சரி, ரோல் பிளே? இன்னொருவர் இடத்தில் நம்மை வைத்து, மனப்பாட வசனம் இல்லாமல் பேசிப் பார்ப்பது. மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ 1920களில் வியன்னாவில் முன்கூட்டி எழுதாத நாடகங்களை நடத்தினார். பிறகு அமெரிக்காவில் அதையே சிகிச்சையாக வளர்த்தார். மகன் அப்பாவாகவும் அப்பா மகனாகவும் இடம் மாறிப் பேசுவது அதில் முக்கியமான உத்தி. 1974-இல் ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு வந்தபின் விளையாட்டு உலகத்திலும் இந்தச் சொல் பரவியது.

ஒரு நர்சிங் வகுப்பில் இதை நேரில் பார்த்தேன். ஒரு மாணவி நோயாளியாகப் படுத்தாள், இன்னொருத்தி ஊசியோடு வந்து விளக்கம் சொன்னாள். எழுந்ததும் படுத்திருந்தவள் சொன்னாள்: "அக்கா, நீங்க ஊசியைக் கையில வச்சுக்கிட்டே பேசினீங்க. எனக்கு ஒண்ணுமே காதுல விழல." பாடப் புத்தகம் எதிலும் இது கிடைக்காது.

இப்படி உண்மையைக் காட்டும் ஒன்றுக்கு 'வேடமேற்றல்' என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. 'வேஷம் போடாதே' என்று சொல்லிச் சொல்லி அதில் ஏமாற்று வாடை ஏறிவிட்டது. வெறும் 'நடிப்பு' என்றாலும் அதே கதைதான். 'பங்கேற்றல்' கலந்துகொள்வதற்குப் போய்விட்டது. 'பாத்திரமேற்றல்' தவறில்லை, ஆனால் எழுதிவைத்த கதை ஒன்று பின்னால் இருப்பதுபோல் தோன்றுகிறது.

இலங்கைத் தமிழில் ரோலுக்கு 'வகிபாகம்' என்ற அழகான சொல் புழங்குகிறது. வகிக்கும் பாகம் என்று பொருள். அந்தப் 'பாகம்' வடசொல்தான், ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு 'பாகமேற்றல்' என்றால் கச்சிதமாகப் பொருந்துகிறது. இடம் மாறிப் பேசுவதற்குப் 'பாகம் மாறுதல்'. பேசும்போதும் உறுத்தாது: "நாளைக்குப் பாகமேற்றல் இருக்கு; நீ நோயாளி, நான் நர்ஸ். அப்புறம் பாகம் மாறிக்கலாம்."